டெம்புரா பஜ்ஜி அல்ல. காட்டில் முளைப்பதெல்லாம் கீரையும் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் சமையல் பக்கத்தில் ஜப்பானிய வசந்தகால டெம்புரா, அதாவது காட்டுக்கீரையை மாவில் தோய்த்துப் பொரிப்பது, பற்றி ஒரு குறிப்பு வந்தது. ஐப்பசி மழை விழுந்து வன்னியின் பற்றைகள் துளிர்க்கிற நேரம் பார்த்து அது வந்ததால் செய்து பார்க்கப் பலருக்கும் ஆசை வந்திருக்கும். அதில் சொன்னபடி செய்தால் தாச்சியிலிருந்து வருவது கடலைமா போடாத பஜ்ஜிதான். அதுகூடப் பெரிய குற்றமில்லை, தின்னலாம். "காட்டில் கிடைக்கும் எந்த இளங்கீரையும் ஏற்றது" என்று ஒரு வரி இருந்ததே, அதைத்தான் சும்மா விட முடியவில்லை. முதலில் அதைச் சொல்லிவிட்டு மாவுக்கு வருகிறேன்.

கார்த்திகைப்பூச் செடியும் இதே மழையோடுதான் மண்ணைப் பிளந்து வருகிறது. அதன் முளை பச்சைப் பசேலென்று, விரலால் ஒடிக்கிற பதத்தில், பார்த்தால் கறிக்கு ஆகும் என்றுதான் தோன்றும். கொடி கொஞ்சம் வளர்ந்தபின் இலையின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக மாறும், அப்போது யாரும் அடையாளம் காண்பார்கள். முளையாக இருக்கும்போது அந்த அடையாளம் இல்லை. கிழங்கு, தண்டு, இலை, விதை எல்லாவற்றிலும் கொல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது. பொரித்தாலும் போகாது, அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டாலும் போகாது. தின்று சில மணித்தியாலத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும், உயிரும் போகலாம். ஊமத்தை இலையும் குன்றிமணிக் கொடியும் இதே பற்றைகளில்தான் நிற்கின்றன.

ஜப்பானிலும் இதே தொல்லை இருக்கிறது. அங்கே வசந்தத்தில் காட்டு உள்ளி இலை என்று நினைத்துக் கொல்சிக்கம் என்ற செடியின் இலையைப் பறித்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. அந்தச் செடியில் இருப்பதும் கொல்கிசின்தான். காட்டுக்கீரையைத் தலைமுறைகளாகத் தின்று பழகிய நாட்டிலேயே இந்த நிலை. ஆகவே வன்னிக்கு ஒரே விதி: உங்கள் வீட்டு இலைக்கஞ்சியிலோ வறையிலோ ஏற்கெனவே போகிற இலை மட்டுமே டெம்புராவுக்கும் போகலாம். புதிய இலை ஒன்றை முதல்முதல் தின்று பார்க்க டெம்புரா தோதான இடமல்ல. மாவும் எண்ணெயும் கசப்பை மறைத்துவிடுவதால் நாக்கு எச்சரிக்காது.

பறிக்கிற இடத்திலும் கவனம் வேண்டும். காலபோக விதைப்புக் காலத்தில் வயல் வரம்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் களைநாசினி விழுந்திருக்கும், அங்கே முளைத்ததைத் தொட வேண்டாம். மண்டையோடு போட்ட மிதிவெடிப் பலகை நிற்கிற காணிக்குள் முசுட்டை எவ்வளவு செழித்து நின்றாலும் அது நமக்கில்லை. வளவு வேலியிலும் கோயில் வீதியிலும் படர்ந்திருப்பதே நாலு பேருக்குப் போதும்.

இனி டெம்புரா. உங்கள் குறிப்பு அதை ஆதிகால ஜப்பானிய உணவு என்கிறது. மாவில் தோய்த்துப் பொரிக்கிற இந்த முறை 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரோடு அங்கே போய்ச் சேர்ந்தது என்பதே பொதுவாக ஏற்கப்படுகிறது. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த அதே போர்த்துக்கேயர்தான். பிறகு எடோ என்ற இன்றைய டோக்கியோ நகரத்துத் தெருக்கடைகளில் அது ஜப்பானியரின் சொந்தச் சாப்பாடாகிவிட்டது. காட்டுக்கீரை டெம்புரா பனி விழும் மலைநாட்டுப் பழக்கம். பனி உருகியதும் நிலத்தோடு ஒட்டி வரும் ஃபுக்கி மொட்டு, முள்மரத்தின் உச்சியில் வெடிக்கும் தாரா முளை, சுருண்ட பன்னத் தளிரான கொகோமி, இவைதான் அங்கே பேர்போனவை. மூன்றையும் பச்சையாகவே மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். ஆனால் வராபி என்ற இன்னொரு பன்னத்தை அப்படிச் செய்யமாட்டார்கள். அதன்மேல் விறகுச் சாம்பலைத் தூவி, கொதிநீர் ஊற்றி, ஓர் இரவு ஊற வைத்துக் கழுவிய பிறகே சமைப்பார்கள். எதை நேரே பொரிக்கலாம், எதன் நஞ்சையும் கசப்பையும் முதலில் இறக்க வேண்டும் என்ற இந்தப் பிரிவு உங்கள் குறிப்பில் இல்லை. நமக்கும் அது தேவை.

நமது இலைகளில் முதலிடம் முசுட்டைக்கு. இதய வடிவம், உள்ளங்கை அளவு, அடிப்புறத்தில் பட்டுப்போல மயிர். அந்த மயிர்தான் மாவைப் பிடித்து வைக்கிறது. ஜப்பானியர் ஷிசோ என்ற வாசனை இலையைப் பொரிக்கும்போது அடிப்புறத்தில் மட்டும் மாவைத் தொட்டு, மேற்புறத்தை வெறுமையாக விடுவார்கள். முசுட்டைக்கும் அப்படியே செய்யுங்கள். மா தொட்ட பக்கம் கீழே இருக்க எண்ணெயில் விட்டால் மேற்புறம் பச்சை மாறாமல், கண்ணாடிபோல் மொறுமொறுப்பாக வரும். இரண்டு பக்கமும் தோய்த்தால் இலை இருப்பதே தெரியாது.

தூதுவளை நுனிக்கொழுந்து நல்ல கசப்பும் காரமும் உள்ளது, ஃபுக்கி மொட்டின் இடத்தை நிரப்ப வன்னியில் இதைவிட வேறில்லை. ஆனால் இலையின் நரம்பிலும் தண்டிலும் முள் இருக்கும். கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கிவிடுங்கள். முள் பொரிந்தாலும் முள்தான். முசுமுசுக்கை சொரசொரப்பான இலை, எண்ணெயில் அந்தச் சொரசொரப்பு அடங்கிவிடும். இலைக்கஞ்சிக்குப் போடுகிற முல்லைக் கொழுந்து (பூ முல்லை அல்ல), கொவ்வை இலை, தவசிமுருங்கை எல்லாம் நேரே பொரிக்கலாம்.

பிரண்டை நமது வராபி. அதிலுள்ள ஒட்சலேற்று ஊசிகள் எண்ணெய்ச் சூட்டில் அழிவதில்லை, அப்படியே மாவில் தோய்த்துப் போட்டால் தொண்டை பிடுங்கும். மேல்நுனியில் இரண்டு கணு மட்டும் எடுத்து, கையில் எண்ணெய் பூசிக்கொண்டு விளிம்பு நாரை உரித்து, புளிக்கரைசலில் 5 நிமிடம் அவித்து, வடித்து, துணியில் ஒற்றி, பிறகு மாவுக்குப் போங்கள்.

சிறுகுறிஞ்சா பற்றி ஓர் எச்சரிக்கை, நஞ்சு என்பதற்காக அல்ல. அந்த இலை நாக்கில் பட்டால் அரை மணி நேரம்வரைகூட இனிப்பு தெரியாது. சீனி மண் தின்றதுபோல இருக்கும். பந்தியில் அதைக் கடைசியாகப் போடுங்கள். முதலில் போட்டால் பிறகு வரும் பாயசத்துக்கு நல்ல பேர் கிடைக்காது.

பறித்ததும் இலையைக் குளிர்ந்த தண்ணீரில் 10 நிமிடம் போட்டால் வெயிலில் வாடினது நிமிரும். அதன்பின் சுளகில் துணி விரித்து நிழலில் பரப்பி, ஈரம் கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் வெடிக்கும், மாவும் இலையைவிட்டுக் கழன்று தனியே மிதக்கும். காய்ந்த இலைமேலும் முதலில் உலர்ந்த மாவை மெல்லிதாகத் தூவி, தட்டி உதறிவிட்டுத்தான் கரைசலில் தொட வேண்டும். உங்கள் குறிப்பில் இந்தப் படியே காணோம்.

கரைசலுக்கு உங்கள் குறிப்பு கோதுமை மா, தயிர், அப்பச்சோடா, மிளகாய்த்தூள், மஞ்சள் என்கிறது. கடைசி நான்கையும் தள்ளிவிடுங்கள். சோடா மாவை ஊதவைத்து எண்ணெயைக் குடிக்கவைக்கும், சீக்கிரம் சிவக்கவும் வைக்கும். மிளகாய்த்தூள் எண்ணெயில் கருகி அடுத்த ஈட்டையும் கெடுக்கும். நாலு பேருக்கு அளவு இது: ஒரு முட்டையின் மஞ்சட்கருவோடு ஐஸ் தண்ணீர் சேர்த்து மொத்தம் 200 மில்லிலீற்றர், மா 110 கிராம். இலைகளுக்கு மட்டும் என்றால் மாவை 90 கிராமாகக் குறைக்கலாம். முதலில் முட்டையையும் தண்ணீரையும் கலக்குங்கள், பிறகு அரித்த மாவை ஒரே தடவையில் அதன்மேல் கொட்டுங்கள். இரண்டு மூங்கில் குச்சியால் குத்திக் குத்திப் பத்துப் பதினைந்து தரம் கிளறினால் போதும். கட்டி இருக்கும், ஓரத்தில் உலர்ந்த மா தெரியும். அப்படித்தான் இருக்க வேண்டும். அடித்துக் கரைக்கிற கை இங்கே ஆகாது.

காரணம் எந்த ரொட்டி சுடுகிறவருக்கும் தெரியும். கோதுமை மா தண்ணீர் பட்டு, பிசைபட்டு, சூடும் ஏறினால் இழுபடும். ரொட்டிக்கு அந்த இழுவை உயிர், டெம்புராவுக்குப் பகை. இழுபட்ட மா எண்ணெயில் தோல்போல இறுகி உள்ளே நீராவியைப் பிடித்து வைக்கும், ஆற முன்னரே சவசவத்துப் போகும். ஜப்பானியர் இழுவை குறைந்த மெல்லிய மாவைத் தெரிந்தெடுத்து, ஐஸ் தண்ணீரில் கரைத்து, கரைத்த கையோடு பொரிப்பது இதற்காகத்தான். நமது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பாணுக்கும் ரொட்டிக்கும் ஏற்ற மா. வன்னியில் நண்பகல் குசினியின் சூடு 30 பாகைக்கு மேலே. அதனால் இங்கே இரண்டு வழி உண்டு.

ஒன்று, 80 கிராம் கோதுமை மாவோடு 30 கிராம் பச்சையரிசி மாவோ கோன் ஃபிளவரோ சேர்ப்பது. மற்றது இன்னும் நல்லது, ஏனென்றால் அது ஏற்கெனவே நமது அலுமாரியில் இருக்கிறது: அவித்த மா. புட்டுக்கும் இடியப்பத்துக்கும் கோதுமை மாவை நாம் அவித்து அரித்து வைப்பது இழுவை போகத்தானே. அந்த மா எவ்வளவு கலக்கினாலும் இழுபடாது. ஆனால் அதை மட்டும் போட்டால் இலையில் ஒட்டாமல் எண்ணெயில் உதிரும். ஆகவே அவித்த மா இரண்டு பங்கு, அவிக்காத மா ஒரு பங்கு. தண்ணீர் இரண்டு மூன்று மேசைக்கரண்டி கூடப் பிடிக்கும். கரைசலில் தோய்த்துத் தூக்கிய இலையின் நரம்பு மாவுக்குள்ளால் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தடிப்பு, இன்னும் கொஞ்சம் ஐஸ் தண்ணீர் விடுங்கள்.

குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள் மாவையும் ஒரு மணி நேரம் முன்பே உள்ளே வைக்கலாம். இல்லாதவர்கள் கரைசல் சட்டியை ஐஸ் போட்ட பெரிய சட்டிக்குள் இறக்கி வையுங்கள். மீன் வாடியில் வாங்கிய ஐஸ் என்றால் அது வெளிச்சட்டிக்கு மட்டும், கரைசலுக்குள் போகக் கூடாது. ஒரே தடவையில் முழுவதையும் கரைக்காமல், பாதி பாதியாகக் கரைப்பது நல்லது. விரத நாளில் முட்டை வேண்டாம். ஜப்பானிய பௌத்த மடங்களின் ஷோஜின் சமையலிலும் டெம்புராவுக்கு முட்டை இல்லை. அதற்குப் பதில் தண்ணீரில் பாதியைக் குளிர்ந்த சோடாவாக, அதாவது இனிப்பில்லாத போத்தல் சோடாவாக விட்டால் மாவு இலேசாகும்.

எண்ணெய்க்கு வருவோம். எடோ வழியில் நல்லெண்ணெய் சேர்ப்பார்கள், வாசத்துக்கும் நிறத்துக்கும். எள்ளு விளையும் வன்னிக்கு இதில் குறையில்லை. நல்லெண்ணெய் ஒரு பங்கு, சுத்திகரித்த தேங்காயெண்ணெய் அல்லது மரக்கறி எண்ணெய் மூன்று பங்கு என்பது நல்ல கலவை. செக்கில் ஆட்டிய, சுத்திகரிக்காத தேங்காயெண்ணெயை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டாம். அது 175 பாகை செல்சியஸ் அளவிலேயே புகையத் தொடங்கும், டெம்புரா வேலை நடக்கிற சூடும் ஏறக்குறைய அதுதான். தாச்சியின் நடுவில் 5 சென்ரிமீற்றர் ஆழம் எண்ணெய் வேண்டும். ஆழம் குறைந்தால் கொழுந்து அடியில் தட்டி ஒரு பக்கம் கருகும்.

வெப்பமானி இல்லாவிட்டால் கரைசலில் ஒரு சொட்டை எடுத்து எண்ணெயில் விட்டுப் பாருங்கள். அடிவரை போய், நின்று, மெல்ல எழுந்தால் 150, 160 பாகை. பாதிவழி போய்த் திரும்பினால் 170 முதல் 180. மேலேயே சிதறிப் பொரிந்தால் 200ஐ எட்டிவிட்டது, அடுப்பைக் குறையுங்கள். இலைகளுக்கு 160 முதல் 165, தடித்த கொழுந்துக்கும் பிரண்டைக்கும் 170. கொக்கிளாய் இறாலோ நந்திக்கடல் இறாலோ சேர்ப்பதென்றால் அதைக் கடைசியில், 180இல், தனியாகப் போடுங்கள். முதலில் போட்டால் இலையெல்லாம் இறால் மணக்கும்.

விறகடுப்பில்தான் அதிகம் பிழைக்கிறது. எண்ணெய் காய்ந்ததும் கொள்ளியை வெளியே இழுத்துத் தணலில் பொரிப்பது நமது பழக்கம். வடைக்கு அது சரி. டெம்புராவில் குளிர்ந்த மா விழுந்தவுடன் எண்ணெயின் சூடு இறங்கும், தணல் அதை மீட்டுக் கொடுக்க நேரமெடுக்கும், அந்த இடைவெளியில் மா எண்ணெயைக் குடித்துவிடும். சிறு கொள்ளி ஒன்று எரிந்துகொண்டே இருக்கட்டும், எண்ணெய்ப் பரப்பில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், ஓர் ஈட்டுக்கும் அடுத்த ஈட்டுக்கும் இடையில் சொட்டுச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஓர் ஈட்டில் மூன்று முசுட்டை இலை போதும்.

முசுட்டைக்கு மா தொட்ட பக்கம் கீழே 30 விநாடி, திருப்பி 10 விநாடி. தூதுவளைக் கொழுந்துக்கு ஒன்று முதல் ஒன்றரை நிமிடம். கடிகாரத்தைவிடக் காது நம்பத்தக்கது: போட்டவுடன் பெரிய குமிழும் பெரிய சத்தமும் இருக்கும். உள்ளே நீர் வற்ற வற்றக் குமிழ் சிறுத்துச் சத்தம் மெலியும், அப்போது எடுங்கள். நிறத்துக்குக் காத்திருக்காதீர்கள். டெம்புரா வடைபோலச் சிவப்பதில்லை, வெளிறிய மஞ்சளே அதன் நிறம்.

முசுமுசுக்கை, முருங்கையிலை போன்ற சின்ன இலைகளைத் தனித்தனியே தோய்க்க முடியாது. இவற்றைக் காக்கியாகே என்ற முறையில் கூட்டாகப் பொரிக்கலாம். ஒரு பிடி இலையோடு மெல்லிதாக அரிந்த சின்ன வெங்காயம் சேர்த்து, ஒரு மேசைக்கரண்டி உலர்ந்த மா தூவிப் பிசிறி, அதன்மேல் இரண்டு மூன்று மேசைக்கரண்டி கரைசல் மட்டும் விட்டு, தட்டை அகப்பையில் வடைபோலப் பரப்பி எண்ணெயின் ஓரத்தால் வழுக்கி விடுங்கள். 165 பாகையில் மூன்று நிமிடம், ஒரே தடவை திருப்பல். முதல் அரை நிமிடம் தொடவே கூடாது, தொட்டால் சிதறும். கரைசல் கூடினால் நடுவில் களியாக நிற்கும். இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கிற அளவே கணக்கு.

எடுத்ததை நியூஸ் பேப்பரில் போடாதீர்கள். அச்சு மை சாப்பாட்டில் ஒட்டும், அடிப்பக்கமும் நீராவியில் நனையும். உங்கள் பத்திரிகை வாசிப்பதற்கு, ஆசிரியர் அவர்களே, எண்ணெய் வடிப்பதற்கல்ல. இடியப்பத் தட்டுகள் இதற்கென்றே செய்ததுபோல இருக்கின்றன: கீழே காற்றுப் போகும், எண்ணெய் வடியும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் சாய்த்து நிறுத்துங்கள். மூடி வைக்கவே கூடாது. எல்லாம் பொரித்து முடித்துப் பந்தி போடலாம் என்று நினைத்தால் முதல் ஈடு சவசவத்துவிடும். பொரிக்கிறவர் கடைசியாகத்தான் சாப்பிட வேண்டிவரும், அதற்கு மாற்றில்லை.

தொட்டுக்கொள்ளச் சோஸ் என்று தக்காளிச் சோஸை எழுதியிருந்தீர்கள். காட்டுக்கீரை டெம்புராவுக்கு ஜப்பானியர் பலர் விரும்புவது வெறும் உப்பு, கசப்பின் கீழே இருக்கிற மணம் அதில்தான் தெரியும். ஆனையிறவுக் கல்லுப்பை வெறும் சட்டியில் வறுத்து, ஈரம் போனதும் பட்டுப்போல அரைத்து, சின்னத் தட்டில் வையுங்கள். குழம்பு வேண்டுமென்றால் தென்ட்சுயு உண்டு. அங்கே அதன் அடி, சூரை மீனைப் புகைபோட்டுக் காயவைத்துச் சீவிய கத்சுவோபுஷி. நமது மாசியும் அதே சூரையில் செய்ததுதான். தண்ணீர் 300 மில்லிலீற்றரைக் கொதிக்க வைத்து இறக்கி, இடித்த மாசி 15 கிராம் போட்டு 5 நிமிடம் மூடி வைத்து, துணியில் வடியுங்கள். மாசியைப் போட்டுக் கொதிக்கவிட்டால் கைத்துப் போகும். வடித்த நீரில் 200 மில்லிலீற்றருக்கு சோயா சோஸ் 50 மில்லிலீற்றர், இனிப்புக்கு மிரின் மதுவுக்குப் பதில் பனங்கட்டி 15 கிராம், ஒரு கொதி. துருவிய முள்ளங்கி ஒரு கரண்டி சேர்த்தால் எண்ணெய்த்தன்மை தெரியாது. கடையில் வாங்கும் சோயா சோஸ் தடிப்பும் இனிப்புமாக இருந்தால் பனங்கட்டியைக் குறையுங்கள்.

ஒரு விடயத்தை எந்தச் சமையல் குறிப்பும் எழுதுவதில்லை. ஒவ்வோர் ஈட்டுக்குப் பிறகும் எண்ணெயில் மிதக்கும் மாப்பொட்டுகளை ஓட்டைக் கரண்டியால் அள்ளிவிட வேண்டும், விட்டால் கருகி எண்ணெய் கசக்கும். அள்ளியதைச் சூட்டோடு ஓரிடத்தில் குவிக்காதீர்கள். குவியலின் உள்ளே சூடு வெளியேறாமல் ஏறிக்கொண்டே போய், பொரித்து முடித்த பிறகு, யாரும் அருகில் இல்லாத நேரத்தில், தானாகத் தீப்பற்றக்கூடும். ஜப்பானியத் தீயணைப்புப் படையினர் இதைப் பற்றித் தொடர்ந்து எச்சரிக்கிறார்கள். கிடுகு வேய்ந்த குசினியில் குப்பைப் பையில் கொட்டி மூலையில் வைப்பது பெரிய ஆபத்து. தட்டில் மெல்லிதாகப் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றி நனைத்து எறியுங்கள். ஆறியது மொறுமொறுவென்றிருந்தால் ரசத்தில் தூவலாம். தாச்சியில் எண்ணெயே தீப்பற்றினால் மட்டும் தண்ணீர் கூடாது, அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள்.

"எந்த இளங்கீரையும்" என்ற வரிக்குத் திருத்தத்தை அடுத்த ஞாயிறே, அதே பக்கத்தில், கார்த்திகைப்பூ முளையின் படத்தோடு போடும்படி கேட்டுக்கொள்கிறேன். மாவு பற்றிய திருத்தம் ஒரு வாரம் பிந்தினாலும் பரவாயில்லை. தை பிறந்தால் முசுட்டை முற்றிவிடும் என்பதையும் கவனத்தில் கொள்ளவும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.